கோடையில் காய்கறி அழுகாமலிருக்க: பெரிய ஃபிரிட்ஜா, மணல் பானையா, வற்றலா?

பங்குனி பிறந்துவிட்டால் செட்டிநாட்டு அடுப்படிகளில் ஒரே புலம்பல்தான். சந்தையில் பார்த்துப் பார்த்துப் பொறுக்கிய கத்தரிக்காய் மூன்றாம் நாளே தோல் சுருங்கிக் கிடக்கும். காலையில் வாங்கிய கீரை மாலைக்குள் தலை தொங்கும். ஒரு தக்காளி உடைந்தால் போதும், கூடை முழுக்க நாறும். ஃபிரிட்ஜ் கடைக்குப் போய்ச் சொன்னால், "ஆச்சி, பழசைக் குடுத்துட்டு முந்நூத்தம்பது லிட்டரா எடுத்திருங்க" என்பார்கள். எங்கள் வீட்டில் அப்படி எடுக்கவில்லை. இருக்கிற சின்ன ஃபிரிட்ஜை வைத்துக்கொண்டு, காய்கறிக்கு மட்டும் மானாமதுரை மண்பானைகள் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, இடையில் ஈர மணல் போட்டு மணல் பானை ஒன்று அமைத்தோம். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்ற வழிகளுக்கும் அவற்றுக்குரிய இடம் உண்டு.

ஃபிரிட்ஜைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. பால், மீன், கறி, துருவிய தேங்காய், மிஞ்சிய குழம்பு இவற்றுக்கெல்லாம் வேறு வழி கிடையாது. சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் இருக்கும்போதுதான் கிருமிகள் பெருகுகின்றன. சாதாரண நாட்களில் இரண்டு மணி நேரம் வரை வெளியே வைக்கலாம். வீட்டுக்குள்ளேயே 32 டிகிரியைத் தாண்டும் நாட்களில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாமல் இருந்து, வெதுவெதுப்பான சோற்றில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். அதில் ஒரு வகை நஞ்சு மறுபடி சூடுபண்ணினாலும் போகாது. மிஞ்சிய சோற்றைப் பானையோடு மூடி வைக்காமல் அகலத் தாம்பாளத்தில் பரப்பி, ஆறிய கையோடு உள்ளே வைத்துவிட வேண்டும்.

ஆனால் காய்கறி என்று வந்தால் ஃபிரிட்ஜ் எல்லாவற்றுக்கும் நல்லதல்ல. கத்தரி, வெண்டை, தக்காளி, வெள்ளரி, மாங்காய், வாழைக்காய் எல்லாம் வெப்பநாட்டுக் காய்கள். இவற்றுக்கு 10 முதல் 13 டிகிரி வரைதான் குளிர் தாங்கும், வெண்டை மட்டும் இன்னும் கொஞ்சம் பொறுக்கும். 4 டிகிரியில் சில நாள் கிடந்தால் திசுக்கள் உள்ளுக்குள்ளேயே உடைந்துபோகும். கத்தரியின் தோலில் சின்னச் சின்னக் குழிகள் விழும், வெட்டினால் விதைப்பகுதி பழுப்பாக இருக்கும். வெண்டையின் விளிம்பு கறுக்கும். வெள்ளரி நீர்த்துப்போகும். தக்காளி மணமிழந்து மாவுபோல் ஆகும். வெளியே எடுத்துவைத்த மறுநாளே இவை அழுகிவிடுவதற்கு வெயில் மட்டும் காரணமில்லை, குளிர்க் காயமும் உண்டு. கோடையில் நம் வீடுகளில் அதிகம் வீணாவது இந்தக் காய்கள்தான். பெரிய ஃபிரிட்ஜ் வாங்கினால் இதே குளிர்க் காயம் இன்னும் அதிகமான காய்களுக்குப் படும், அவ்வளவுதான். கேரட், முட்டைக்கோஸ், பச்சைப் பட்டாணி போன்றவற்றுக்கு ஃபிரிட்ஜ் முழுப் பலன் தரும்.

மணல் பானையின் தத்துவம் எல்லாருக்கும் தெரிந்ததே. பெரிய பானைக்குள் சின்ன பானை, நடுவில் ஈர மணல். வெளிப்பானையின் நுண்துளைகள் வழியாகத் தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. நைஜீரியாவில் முகமது பா அப்பா என்ற ஆசிரியர் 1990களில் இதைக் கிராமம் கிராமமாகப் பரப்பினார். அங்கே கத்தரிக்காய் மூன்று வாரத்துக்கு மேல் தாங்கியதாகச் சொல்வார்கள். அது சகாரா ஓரத்து வறண்ட காற்று. இங்கே அந்தக் கணக்கை எதிர்பார்க்கக் கூடாது. கத்தரி, வெண்டைக்கு ஐந்தாறு நாள், முளைக்கீரைக்கு இரண்டு நாள், கறிவேப்பிலை, எலுமிச்சைக்கு ஒரு வாரத்துக்கு மேல் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

உங்கள் வீட்டுக்கு இது ஒத்துவருமா என்பதைப் பானை வாங்கும் முன்பே சோதித்துவிடலாம். சாதாரண வெப்பமானி இரண்டு போதும். ஒன்றின் குமிழில் ஈரப் பஞ்சுத் துணியைச் சுற்றி, இரண்டையும் மேசை விசிறிக்கு முன் பத்து நிமிடம் வையுங்கள். மதியம் இரண்டு மணிக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 8 டிகிரிக்கு மேல் இருந்தால் தாராளமாக அமைக்கலாம். 5 டிகிரிக்குக் கீழே என்றால் விட்டுவிடுங்கள். வெளியே 38 டிகிரி வெயில், காற்றில் ஈரப்பதம் 35 சதவீதம் என்றால் ஈரத்துணி வெப்பமானி 26 டிகிரி போல் காட்டும். நன்றாக அமைத்த பானையின் உள்ளே அதைவிட இரண்டு மூன்று டிகிரி கூட இருக்கும். அதே ஐப்பசியில் 32 டிகிரியும் 80 சதவீத ஈரமும் இருந்தால் வித்தியாசமே மூன்று டிகிரிதான். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் மாசிக் கடைசியில் தொடங்கி ஆடிக் காற்று ஓயும்வரை பானை வேலை செய்யும். கிழக்கே தொண்டிக் கடலை நெருங்க நெருங்கப் பலன் குறையும்.

வெளிப்பானை வாய் அகலம் 40 செ.மீ., உள்பானை வெளிவிட்டம் 32 செ.மீ. அளவில் எடுத்தால் சுற்றிலும் நான்கு செ.மீ. இடைவெளி கிடைக்கும். உள்ளே மூன்று, நான்கு கிலோ காய் பிடிக்கும். வெளிப்பானைக்குத் தண்ணீர்ப் பானையைத்தான் கேட்டு வாங்க வேண்டும். சமையல் சட்டி அவ்வளவாகக் கசியாது. இப்போது அழகுக்காக வார்னிஷும் வண்ணமும் பூசி விற்கிறார்களே, அது சுத்தமாக ஆகாது. பூச்சு துளைகளை அடைத்துவிடும். விரலால் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும், மொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல் உண்டு. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு நாள் தண்ணீர் நிரப்பி வையுங்கள். வெளிப்புறம் முழுதும் சீராக ஈரம் பூத்தால் நல்ல பானை. ஓரிடத்தில் மட்டும் சொட்டினால் மாற்றிவிடுங்கள். அப்படியே காய்ந்து கிடந்தாலும் மாற்றிவிடுங்கள்.

மணல் ஆற்று மணலாக இருந்தால் நல்லது. கிடைக்காவிட்டால் எம்சாண்ட் போதும், ஆனால் அதன் தூள் போகிறவரை நாலைந்து தண்ணீரில் அலச வேண்டும். தூள் இருந்தால் மணல் இறுகிக்கொள்ளும், தண்ணீர் கீழே இறங்காது. கடற்கரை மணலைத் தொடவே கூடாது. அடியில் ஐந்து செ.மீ. மணல், அதன்மேல் உள்பானை, சுற்றிலும் விளிம்புக்கு இரண்டு செ.மீ. கீழே வரை மணல். இந்த அளவுக்குச் சுமார் 20 லிட்டர் மணல் பிடிக்கும், எடை 30 கிலோவைத் தாண்டும். நிரப்பிய பிறகு நகர்த்த முடியாது, இடத்தை முடிவுசெய்துவிட்டே நிரப்புங்கள். முதல் முறை ஏழெட்டு லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றினால் மணல் குடித்து முடிக்கும். பிறகு காலையில் ஒரு லிட்டர், பிற்பகலில் ஒரு லிட்டர் போதும்.

வைக்கும் இடம் பாதி வேலையைச் செய்துவிடும். பானைக்கு வேண்டியது நிழலும் காற்றோட்டமும். பழைய வீடுகளில் முகப்புக்கும் வளவு எனும் நடுமுற்றத்துக்கும் இடையே வாசலுக்கு வாசல் நேராகக் காற்று ஓடுமே, அங்கே ஒரு தூணோரம் வைத்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. சாமான் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினால் அறையின் காற்று ஈரமாகி ஆவியாவதே நின்றுவிடும். முக்காலியில் தூக்கி வையுங்கள், அடிப்புறமும் ஆவியாக வேண்டும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையானால் முக்காலிக்குக் கீழே ஒரு தட்டு கட்டாயம். அந்தக் கல் சிமென்ட்டில் செய்தது, ஓயாத ஈரம் பட்டால் வெள்ளை பூத்து நிறம் மங்கும். தட்டில் சேரும் தண்ணீரைத் தினமும் கொட்டிவிடுங்கள், டெங்குக் கொசுவுக்கு அதுவே போதும்.

வாயை மூட இரண்டு மடிப்பு ஈரத் துணி. பழைய நூல் சேலைத் துண்டு சாக்கைவிட மேல். சாக்கு இரண்டு நாளில் மக்கிய வாடை பிடித்து அந்த வாடையைக் காய்க்கும் ஏற்றும். துணியை ஒருநாள் விட்டு ஒருநாள் துவைத்து மாற்றுங்கள்.

காயைக் கழுவி ஈரத்தோடு உள்ளே போடக் கூடாது. உள்ளே ஈரப்பதம் எப்போதும் 85, 90 சதவீதம் இருக்கும், மேலே தண்ணீரும் நின்றால் காம்பில் பூசணம் பிடிக்கும். சந்தையிலிருந்து வந்ததும் பரப்பி, வெயிலில் வாங்கிய சூடு தணிந்த பிறகு, அடியில் காகிதம் போட்டு அடுக்குங்கள். கனிந்த வாழைப்பழமும் மாம்பழமும் இதற்குள் வேண்டாம். அவை விடும் எத்திலீன் வாயு கீரையை மஞ்சளாக்கும், கத்தரிக் காம்பை உதிர்க்கும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு வெளியே கூடையில்தான் இருக்க வேண்டும், ஈரம் பட்டால் முளைக்கும், அழுகும். பால், மாவு, சமைத்த பண்டம், கறி, மீன் எதையும் இதை நம்பி வைக்காதீர்கள். நமக்கு 27 டிகிரி சில்லென்று தோன்றலாம், கிருமிக்கு அது வசதியான வீடு.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பானையைப் பற்றி எழுதுகிற பலர் சொல்லாமல் விடுவதும் இதுதான். பானையின் ஆயுளையும் குளிர்ச்சியையும் முடிவுசெய்வது நீங்கள் ஊற்றும் தண்ணீரில் இருக்கும் உப்பு.

தண்ணீர் ஆவியாகிப் போகும், அதில் கரைந்திருந்த உப்பு போகாது. லிட்டருக்கு ஒரு கிராம் உப்புள்ள ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் இந்தப் பக்கம் அதிசயமில்லை. நாளுக்கு இரண்டு லிட்டர் ஊற்றினால் இரண்டு கிராம் உப்பு, மாதத்துக்கு 60 கிராம், பங்குனியிலிருந்து மூன்று மாதத்தில் 180 கிராம். அத்தனையும் மணலிலும் பானையின் வெளிச்சுவரிலும்தான் தங்கும். ஆவியாவது வெளிச்சுவரில் என்பதால் உப்பு கடைசியில் அங்கே வந்து துளைகளை அடைக்கும். முதல் மாதம் பிரமாதமாகக் குளிர்ந்த பானை மூன்றாம் மாதம் சும்மா நிற்பதற்கு இதுதான் காரணம். "மண் சரியில்லை" என்று குயவர்மேல் பழி போட்டுவிடுகிறார்கள்.

அடைப்பைக் கண்டுபிடிக்க வெப்பமானி கூட வேண்டாம். தண்ணீர்ச் செலவைப் பாருங்கள். நாளுக்கு இரண்டு லிட்டர் குடித்த பானை, வெயில் குறையாமலேயே ஒரு லிட்டரோடு நிறுத்திக்கொண்டால் துளை அடைபட்டிருக்கிறது. வெளிச்சுவரில் கையை வைத்தால் ஈரம் தட்டாது, விரலில் வெள்ளைத் தூள் ஒட்டும்.

சுத்தம் செய்யும் வரிசை முக்கியம். மணலை எடுத்துவிட்டுப் பானையை நிழலில் இரண்டு நாள் நன்றாகக் காயவிடுங்கள். காயக் காய உப்பு மேற்பரப்புக்கு வந்து பூக்கும். காய்ந்த நிலையிலேயே தேங்காய் நாரால் தேய்த்துத் தட்டிவிட வேண்டும். முதலிலேயே தண்ணீர் விட்டுக் கழுவினால் அந்த உப்பு கரைந்து திரும்பவும் சுவருக்குள் போய்விடும். தட்டிய பிறகு உப்பில்லாத தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து, அதைக் கொட்டிவிட்டு மறு இரவும் ஊறவையுங்கள். தண்ணீரில் கரையாமல் ஒட்டியிருப்பது சுண்ணாம்புப் படிவு. அதற்கு நீர்க்கக் கரைத்த புளித்தண்ணீரோ வினிகரோ தடவி, பத்து நிமிடத்தில் தேய்த்துக் கழுவிவிடலாம். ஆசிட் ஊற்றக் கூடாது, பானையே பொரிந்துவிடும். சோப்பும் கூடாது, துளைக்குள் போனால் வெளியே வராது. மணலையும் இதே சமயம் நாலு தண்ணீரில் அலசிக் காயவைத்துப் போடலாம், புதிது வாங்க வேண்டியதில்லை.

இந்த வேலையே வராமலிருக்க வழி உண்டா? உண்டு, உப்பில்லாத தண்ணீர். செட்டிநாட்டு வீடுகளின் நாட்டு ஓட்டுக் கூரைகள் மழையை வளவுக்குள் இறக்குவதற்கென்றே சரித்துக் கட்டப்பட்டவை. நாளுக்கு இரண்டு லிட்டர், 90 நாளுக்கு 180 லிட்டர். 200 லிட்டர் டிரம் ஒன்றில் கார்த்திகை மழையைப் பிடித்து, வாயில் மெல்லிய துணி கட்டி மூடியைப் போட்டு நிழலில் வைத்தால் ஒரு கோடைக்குப் போதும். மாடி வீட்டுக்காரர்கள் ஏசிக் குழாயில் சொட்டும் தண்ணீரைப் பிடிக்கலாம். அது குடிக்க ஆகாது, மணலுக்கு ஆகும், உப்பு அநேகமாக இருக்காது. காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீர் குழாயில் வரும் வீடுகளுக்குத் தொல்லை குறைவுதான். ஆர்ஓ இயந்திரம் வெளியேற்றும் கழிவுத் தண்ணீரை மட்டும் சிக்கனம் என்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள். குழாய்த் தண்ணீரைவிட அதில் உப்பு கூடுதல், பானை சீக்கிரமே அடைத்துப்போகும்.

ஃபிரிட்ஜுக்கும் பராமரிப்பு உண்டுதான். கதவு ரப்பரைத் துடைப்பது, பின்புறக் கம்பியில் தூசி தட்டுவது, சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைப்பது. எல்லாம் மாதத்துக்குப் பத்து நிமிட வேலை. தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்ற ஆளில்லாத வீட்டுக்கு மணல் பானை வேண்டாம் என்றே சொல்வேன். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று நாள் சென்னைக்குப் போய் வந்தால் மணல் காய்ந்து உள்ளே காய் வெந்திருக்கும். மின்சாரம் போனாலும் கதவைத் திறக்காத வரை ஃபிரிட்ஜ் நான்கு மணி நேரம் குளிரைப் பிடித்து வைத்திருக்கும்.

வற்றலுக்கு வருவோம். மற்ற இரண்டும் நாளைத் தள்ளிப்போடும், வற்றல் கெடுவதையே நிறுத்திவிடும். அக்னி நட்சத்திர வெயில் வீணாகப் போகும் நாட்களில் மலிந்து கிடக்கும் சீனி அவரைக்காயையும் (கொத்தவரங்காய்) சுண்டைக்காயையும் மிளகாயையும் வற்றலாக்காமல் விடுவதுதான் பெரிய விரயம். மோர் மிளகாய்க்குக் கிலோவுக்கு ஒரு லிட்டர் புளித்த கெட்டி மோர், 100 முதல் 125 கிராம் கல்லுப்பு. கீறிய மிளகாயை இரண்டு இரவு ஊறவைத்து, பகலில் மிளகாயை மட்டும் காயவைத்து, மாலையில் அதே மோரில் திரும்பப் போட்டு, மோர் வற்றும்வரை இதையே செய்ய வேண்டும். கத்தரியும் சீனி அவரையும் உப்புத் தண்ணீரில் அரை வேக்காடு போட்டால்தான் நிறம் கறுக்காது, உள்ளேயும் காயும்.

வற்றல் கெடுவது காயும்போது அல்ல, ஜாடியில். ஒடித்தால் டக்கென்று முறிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஒரு வெயில் பாக்கி. வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு ஜாடியில் போட்டு மூடினால் உள்ளே வியர்த்து, அடியில் பூசணம் பிடிக்கும். இரவு ஆறவிட்டுக் காலையில் எடுத்து வைப்பதுதான் சரி. பீங்கான் ஜாடி ஒளியையும் ஈரத்தையும் தடுக்கும், ஆனால் அதன் மூடி சரியாக உட்காராது, துணி கட்டி மூடுங்கள். ஐப்பசி மழை தொடங்கும் முன் ஒருமுறையும், தை வெயிலில் ஒருமுறையும் காட்டினால் அடுத்த கோடை வரை வரும்.

குறை என்னவென்றால், வற்றல் வேறு பண்டம். அரிசி களைந்த தண்ணீரில் வைக்கும் சுண்டை வற்றல் மண்டிக்கு ஈடில்லை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நாளைக்குப் பொரியல் வைக்க நினைத்து வாங்கிய வெண்டைக்காயை வற்றல் காப்பாற்றாது. உப்பும் பொரிக்கும் எண்ணெயும் கூடச் சேரும், ரத்தக் கொதிப்புக்காரர் வீட்டில் அதையும் யோசிக்க வேண்டும்.

நான்காவதாக ஒன்று உண்டு. டெல்லியில் உள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய, மின்சாரம் வேண்டாத செங்கல் குளிர்தொட்டி. இரட்டைச் செங்கல் சுவர், நடுவே 7.5 செ.மீ. மணல், மேலே நாணல் அல்லது சாக்கு மூடி, அதற்கும் மேலே நிழற்கூரை. சுமார் 400 செங்கல்லில் கட்டினால் 100 கிலோ காய்கறி வைக்கலாம். காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர் விட வேண்டும். வீட்டுக்கு இது மிகை. கல்யாணத்துக்கும் முன்னோருக்கான படைப்புக்கும் இரண்டு மூன்று நாளுக்கான காயை மொத்தமாக இறக்கும் பெரிய வீடுகளின் பின்கட்டுக்கும், காய்கறிக் கடைகளுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். இதில் என் கையனுபவம் குறைவு, அதனால் இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

பிரித்துக்கொள்ளச் சொன்னால் இப்படிப் பிரிப்பேன். சமைத்தது, பால், அசைவம், கேரட், பீன்ஸ் ஃபிரிட்ஜில். கத்தரி, வெண்டை, தக்காளி, வெள்ளரி, மாங்காய், முருங்கை, கீரை மணல் பானையில். நாலு நாளில் தீராது என்று தெரிந்த மிச்சம், இன்னும் வாடாமல் இருக்கும்போதே மொட்டைமாடிக்கு. வாடியபிறகு வற்றல் போட்டால் வற்றலும் நன்றாக வராது. ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு இருக்கிறது, வீட்டில் ஃபிரிட்ஜே கிடையாது என்றால் கண்ணை மூடிக்கொண்டு சின்ன ஃபிரிட்ஜ் வாங்குங்கள். ஏற்கெனவே ஒன்று இருந்து, காய்கறிக்காக மட்டும் பெரிதாக்க நினைப்பவர்களுக்குத்தான் மணல் பானையைச் சொல்கிறேன்.

புரட்டாசிக் கடைசிக்குள் பானையைக் கலைத்துவிடலாம். மணலை அலசி மூட்டை கட்டி, பானைகளை உலர்த்தித் தட்டிக் கவிழ்த்து வையுங்கள். ஈரத்தோடு கவிழ்த்தால் உள்ளே பூசணம் பிடித்து மறு வருடம் வாடை போகாது. கூரையில் சேர்ந்த தூசியும் பறவை எச்சமும் முதல் மழையில் இறங்கும், அதை ஓடவிட்டு அடுத்த மழையிலிருந்து டிரம்மில் பிடிக்கலாம்.